துறைமாடம்: நான்கு பேட்டைகள், ஒரு பாலம்

நான்கு எழுத்தாளர்கள் சேர்ந்து எழுதிவரும் மிகுபுனைவுத் தொடர் ஒன்றின் தலைநகர் துறைமாடம். பேரரசுக்குள் நான்கு தேசங்கள் இருக்கின்றன. மலையில் மரமும் இரும்பும் எடுப்பவர்கள் தாரகர். ஆற்றுச் சமவெளியில் தானியம் விளைவிப்பவர்கள் வண்டலர். கடல்வணிகம் உவரியர் கையில். புல்வெளியிலிருந்து குதிரைகளோடு இறங்கிவந்து மற்ற மூவரையும் வென்று அரியணையில் அமர்ந்தவர்கள் மேழகர். ஒவ்வொரு தேசத்தையும் ஓர் எழுத்தாளர் தனியாக வளர்த்தெடுத்திருந்தார். நான்கும் நன்றாகவே இருந்தன. கதை தலைநகருக்குள் நுழைந்ததும் படுத்துக்கொண்டது. வரைபடத்தில் கோளாறு என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்ததால், மறுவரைவு வேலை என்னிடம் வந்தது.

முதல் வரைபடம் பார்க்க அழகானது. ஒரு பெரிய வட்டம், நடுவில் அரண்மனை, சுற்றிலும் நான்கு சம பங்குகள். ஒவ்வொரு பங்குக்கும் தனி நிறம், தனி மதில், தனி வாயில், தனிச் சந்தை, தனிக் கோயில், தனி நீரூற்று. பேட்டைகளுக்கிடையே நூற்றாண்டுகால விரோதம் என்று குறிப்பில் எழுதியிருந்தது. ஆனால் அந்த நகரத்தில் எவருக்கும் எவரிடமும் வேலை இல்லை. தாரகர் பேட்டையில் பிறந்தவன் அங்கேயே தண்ணீர் எடுத்து, அங்கேயே சாமான் வாங்கி, அங்கேயே செத்துப்போகலாம். வண்டலர் முகத்தையே பார்க்கத் தேவையில்லை. பார்க்காதவன்மேல் எதற்குப் பகை? கதாபாத்திரங்கள் சண்டை போடுவதற்காகவே எல்லை தாண்டிப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எழுத்தாளர் அதற்கு ஒரு சாக்கு கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

தேசங்களுக்கிடையே வேறுபாடு போதவில்லை என்பதுதான் நால்வரின் கணிப்பு. உடை, மொழி, சடங்கு, கட்டடப் பாணி எல்லாவற்றையும் இன்னும் அழுத்தமாகப் பிரிக்க வேண்டும் என்றார்கள். நான் அதற்கு நேர்மாறாக நினைத்தேன். அதற்குக் காரணம் 12ஆம் நூற்றாண்டுக் கான்ஸ்டான்டினோபிள்; பைசாந்தியப் பேரரசின் தலைநகர், இன்றைய இஸ்தான்புல்.

அங்கே பொற்கொம்புக் கழியின் ஒரே கரையில் வெனிஸ், பீசா, ஜெனோவா வணிகர்களின் குடியிருப்புகள் அக்கம்பக்கமாக இருந்தன. மூவரும் இத்தாலியத் துறைமுக நகரத்தார். ஒரே மதம், ஒரே வழிபாட்டு முறை, ஒன்றுக்கொன்று நெருங்கிய பேச்சுகள். உடையைக் காட்டி மூவரையும் வேறுபடுத்தச் சொன்னால் எந்த ஓவியரும் திணறுவார். வேறுபாடு சுங்கக் கணக்கில் இருந்தது. நார்மன்களுக்கு எதிரான போரில் கப்பற்படை உதவி பெற்றதற்குக் கைம்மாறாக, பேரரசர் முதலாம் அலெக்சியோஸ் 1082இல் வெனிஸ் வணிகர்களுக்குச் சுங்கவரியை அடியோடு விலக்கினார். கரையில் படகுத்துறைகளும் கொடுத்தார். பேரரசின் சொந்தக் குடிமக்களோ 10 சதவீதம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1111 உடன்படிக்கைப்படி பீசாவுக்கு 4 சதவீதம். 1155இல் ஜெனோவாவுக்கும் அதே 4 சதவீதம்.

விளைவுகள் வரிசையாக வந்தன. 1162இல் பீசாக்காரர்கள் ஜெனோவாக் குடியிருப்பைத் தாக்கிச் சூறையாடினார்கள். சில ஆண்டுகள் கழித்து அதே குடியிருப்பை வெனிஸ்காரர்கள் தாக்கினார்கள். பேரரசர் மானுவேல் 1171 மார்ச் 12 அன்று பேரரசெங்கும் இருந்த வெனிஸ்காரர்களைப் பிடித்துச் சிறையில் அடைத்து, சரக்குகளைப் பறிமுதல் செய்தார். 1182இல் நகரத்துக் கூட்டம் லத்தீன்காரர்கள் எனப்பட்ட மேற்கு ஐரோப்பியரின் குடியிருப்புகளுக்குள் புகுந்து படுகொலை செய்தபோது அதிகம் சிக்கியவர்கள் பீசா, ஜெனோவாக்காரர்கள். 1204இல் சிலுவைப் போர்ப்படையோடு வெனிஸின் கப்பல்கள் மதிலருகே வந்து நின்றன. இந்த நூற்றிருபது ஆண்டுக் கதையில் பண்பாட்டு வேறுபாட்டுக்குக் கிடைப்பது துணைப்பாத்திரம்தான். ஒரே கரையைப் பகிர்ந்துகொள்ள வேண்டிய கட்டாயமும், அந்தக் கரையில் ஆளுக்கொரு வரி என்ற அநீதியும்தான் கதையை நடத்துகின்றன.

ஆகவே பேட்டைகளைத் தொடாமல், பேட்டைகளுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதை முதலில் வரைந்தேன். இதற்கு ஒரு முன்மாதிரி நம் கையிலேயே இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் காவிரிப்பூம்பட்டினத்தில் யவனர் இருக்கையும் கைவினைஞர் தெருக்களும் கொண்ட கடலோர மருவூர்ப்பாக்கம் ஒருபுறம். அரசவீதியும் பெருவணிகர் மாடங்களும் கொண்ட பட்டினப்பாக்கம் மறுபுறம். இடையிலுள்ள மரச்சோலையில் நாளங்காடி என்னும் பகற்சந்தை. அந்த இடைநிலத்தை இளங்கோவடிகள் இரு பெருவேந்தர் மோதும் போர்முனைக்கு ஒப்பிடுகிறார். நகர வடிவமைப்பாளர் ஒருவரின் குறிப்பேட்டில் இருக்க வேண்டிய உவமை அது.

இடைநிலத்துக்கு ஒரு காரணம் வேண்டும். அதற்காகக் கணக்கில் இறங்கினேன். துறைமாடத்தின் மக்கள்தொகை 2 லட்சம் என்று நால்வரும் ஏற்கெனவே முடிவு செய்திருந்தார்கள். ஆளுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 600 கிராம் தானியம் என்று வைத்தால், நகரத்துக்கு நாள்தோறும் 120 டன் வர வேண்டும். அரை டன் ஏற்றும் மாட்டுவண்டியில் கொண்டுவந்தால் 240 வண்டிகள். போகும் வழியில் மாடுகளும் தின்னும். 20 டன் ஏற்றும் ஆற்றுப்படகில் ஆறு படகுகள் போதும். தரைவழிச் சரக்குக் கூலி நீர்வழிக் கூலியைவிடப் பல மடங்கு அதிகம் என்பது ரோமப் பேரரசர் டயோக்ளீஷியனின் 301ஆம் ஆண்டு விலை ஆணையிலேயே தெரிகிறது. எனவே நகரம் ஆற்றங்கரையில்தான் இருந்தாக வேண்டும். பழைய வரைபடத்தில் ஆறு நகரத்துக்கு வெளியே, ஓரமாக, அலங்காரத்துக்கு ஓடிக்கொண்டிருந்தது.

அளவும் தவறு. கொடுக்கப்பட்டிருந்த அளவுகோலின்படி நகரத்தின் குறுக்களவு 30 கிலோமீட்டர்; ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க முழு நாள். கான்ஸ்டான்டினோபிளின் தியோடோசியஸ் மதிலுக்குள் அடங்கிய பரப்பு ஏறத்தாழ 14 சதுர கிலோமீட்டர்தான். 84 சதுர கிலோமீட்டரில் பரந்திருந்த சாங்கான், தாங் காலத்துச் சீனத் தலைநகர், ஒரு விதிவிலக்கு. அதிலும் தெற்குப் பகுதியில் குடியிருப்பைவிட வயலும் தோட்டமும் அதிகம். துறைமாடத்தை 13 சதுர கிலோமீட்டராகச் சுருக்கினேன். இப்போது எந்தப் பேட்டையிலிருந்தும் எந்தப் பேட்டைக்கும் ஒரு மணி நேரத்துக்குள் நடந்துவிடலாம். கலவரக் கூட்டம் ஒன்று கோபம் ஆறுவதற்குள் போய்ச் சேர வேண்டிய தூரம் அது.

மறுவரைவின் மையம் ஒரு பாலம். ஆறு கடலில் சேர்வதற்கு முன், அதைக் கடக்கக்கூடிய கடைசி இடத்தில் நகரம் நிற்கிறது. பாலத்தின் கல்வளைவுகள் தாழ்ந்தவை. கடற்கப்பலின் பாய்மரம் உள்ளே நுழையாது. மேலிருந்து வரும் தட்டையான ஆற்றுப்படகுகள் கழிமுகத்து அலையைத் தாங்காது. எனவே எந்தச் சரக்கும் பாலத்தடியில் ஒரு கலத்திலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டும். இறக்கும் இடம், எடை போடும் இடம், வரி வாங்கும் இடம் எல்லாம் அந்த அரை கிலோமீட்டர்க் கரை. அதற்கு இடைத்துறை என்று பெயரிட்டோம். பாலத்துக்குக் கீழே உவரியர், மேலே மேற்குக் கரையில் வண்டலர், கிழக்குக் கரையில் மேழகரின் கோட்டை. தாரகருக்கு முதலில் இடமே கிடைக்கவில்லை.

அவர்களுக்கு இடம் கொடுத்தது மரக்கட்டை. மலையில் வெட்டிய மரங்கள் ஆற்றில் மிதந்து வருகின்றன. வெள்ளக் காலத்தில் அவை பாலத் தூண்களில் மோதினால் பாலம் போய்விடும். ஆகவே பாலத்துக்கு மேலே ஆற்றின் குறுக்கே, சங்கிலியில் கோத்த கட்டைகளால் ஒரு மிதவைத் தடுப்பு. அதைத் திறந்து மூடும் வேலை தாரகருடையது. தடுப்பு மூடியிருக்கும்வரை தானியப் படகும் காத்துக்கிடக்க வேண்டியதுதான். நகரத்தின் மிகச் சிறிய சமூகம் நகரத்தின் தொண்டையில் கைவைத்திருக்கிறது.

இதை எழுத்தாளர்களுக்குக் காட்ட, ஒரே ஒரு படகின் பயணத்தை எழுதிக் கொடுத்தேன். அறுவடை முடிந்த முதல் வாரம். 20 டன் தானியத்தோடு ஒரு வண்டலர் படகு தடுப்புக்கு வருகிறது. தடுப்பில் 300 கட்டைகள் சேர்ந்திருக்கின்றன. அவற்றைக் கரையேற்றாமல் திறக்க முடியாது என்கிறான் தடுப்புக்காரன். அவன் சொல்வது உண்மை. கட்டைகளைக் கரையேற்ற எருது வேண்டும்; எருதுகளை வாடகைக்கு விடுவது மேழகரின் தொழுவம், அங்கே விடிந்த பிறகுதான் ஆள் வருவான். படகோட்டி அரைப்பணம் நீட்டுகிறான். தடுப்புக்காரன் வாங்கிக்கொண்டு ஒற்றைப் படகு நுழையும் அளவுக்கு ஒரு மூலையை அவிழ்க்கிறான்; அந்த இடைவெளியில் இரண்டு கட்டைகள் தப்பிப்போய்ப் பாலத் தூணில் இடிக்கின்றன. சத்தம் நகரம் முழுவதும் கேட்கிறது. காலையில் இடைத்துறையில் எடை போடும்போது படகில் முக்கால் டன் குறைகிறது. ஈரம் உலர்ந்தது என்கிறான் படகோட்டி. திருட்டு என்கிறான் வாங்க வந்த உவரிய வணிகன். தூணுக்கான நட்டஈட்டை யார் கட்டுவது என்று சுங்க அதிகாரி கேட்கிறான். ஒரு பக்கத்துக்குள் நான்கு தேசங்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் பிடித்தாயிற்று. வில்லன் யாரும் தேவைப்படவில்லை.

அடுத்தது வரிக்கணக்கு. கான்ஸ்டான்டினோபிள் பாடத்தின்படி நால்வருக்கும் நான்கு விதம். பழைய போர் உதவிக்காக உவரியருக்கு 3 சதவீதம். வண்டலருக்கு 10. தாரகருக்குப் பண வரியே இல்லை. பதிலாகப் பாலத்தையும் தடுப்பையும் தங்கள் மரத்தில், தங்கள் உழைப்பில் பழுதுபார்த்துத் தர வேண்டும். இந்தக் கடைசி ஏற்பாடுதான் எனக்கு மிகவும் பிடித்தது. தாரகர் ஓசியில் வாழ்கிறார்கள் என்று மற்றவர்கள் நினைக்கிறார்கள்; மற்றவர்கள் நடக்கும் பாலத்துக்குத் தாங்கள்தான் செலவழிக்கிறோம் என்று தாரகர் நினைக்கிறார்கள். இரண்டுமே ஓரளவு சரி.

மேழகருக்கு வரி கிடையாது. ஆளும் இனத்தை எல்லா வசதியும் பெற்றவர்களாக விட்டுவிடும் பழக்கம் மிகுபுனைவில் அதிகம். வரலாறு அதைவிடச் சுவையானது. மஞ்சூக்கள் பீஜிங்கைக் கைப்பற்றிய பிறகு 1648இல் உள்நகரத்து ஹான் சீனர்களைத் தெற்கிலுள்ள வெளிநகரத்துக்கு இடம்பெயரச் செய்தார்கள். உள்நகரம் எட்டுக் கொடிப்படைகள் என்ற அவர்களுடைய படைப்பிரிவுகளுக்குத் திசைவாரியாகப் பங்கிடப்பட்டது. கொடிப்படையினருக்கு அரசுச் சம்பளமும் தானியமும் உண்டு. வணிகம் செய்யத் தடை. தலைமுறைகள் செல்லச் செல்ல, குடும்பம் பெருகியது, சம்பளம் பெருகவில்லை, கடன் ஏறியது. கடைகளும் நாடக அரங்குகளும் வெளிநகரத்தில் செழித்தன. துறைமாடத்தின் மேழகர் கோட்டையை இந்த அச்சிலேயே வார்த்தேன். உயர்ந்த மதிலுக்குள் அகலமான தெருக்கள், பழுதுபார்க்கப்படாத கூரைகள். பட்டயத்தில் எல்லோருக்கும் மேலானவர்கள். உவரிய வட்டிக்காரனின் ஏட்டில் தவணை தவறியவர்கள்.

மக்கள்தொகையைச் சமமாகப் பிரிப்பதில்லை என்று முடிவானது. வண்டலர் 90,000, உவரியர் 50,000, மேழகர் 35,000, தாரகர் 15,000. மிச்சம் 10,000 பேர்தான் விவாதத்தைக் கிளப்பினார்கள். இருநூறு ஆண்டுகள் அருகருகே வாழ்ந்த நகரத்தில் கலப்புக் குழந்தைகளே இல்லையென்றால் யார் நம்புவார்கள்? சட்டம் தந்தையின் பேட்டையில் பதிவு செய்யச் சொல்கிறது. தந்தை ஒப்புக்கொள்ளாவிட்டால் குழந்தை எந்தப் பதிவிலும் ஏறாது. அப்படிப் பதிவேறாதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாலத்தின் மேலும் கீழும் குடியேறிப் பாலத்தார் ஆனார்கள். எடைத்தட்டும் எடைக்கற்களும் இவர்கள் பொறுப்பில். எந்தத் தேசத்தையும் சேராதவன் கையில் தராசு இருப்பதை மட்டும் நான்கு தேசங்களும் ஏற்கின்றன. ஜெருசலேமின் புனிதக் கல்லறைத் தேவாலயத்தைப் பல கிறித்தவப் பிரிவுகள் பங்கிட்டுக்கொண்டு சச்சரவிட, அதன் கதவுச் சாவியும் திறக்கும் உரிமையும் பல நூற்றாண்டுகளாக இரண்டு முஸ்லிம் குடும்பங்களிடம் இருக்கின்றன. உலகில் நடக்காத ஒன்றை நான் புகுத்தவில்லை.

இரவை எப்படி நடத்துவது என்பதற்குச் சாங்கான் உதவியது. அங்கே 108 மதில் சூழ்ந்த குடியிருப்புகள் இருந்தன. மாலை முரசுக்குப் பிறகு அவற்றின் வாயில்கள் மூடப்படும், பெருந்தெருக்களில் நடமாடத் தடை. சந்தைகள் நண்பகலில் 300 முரசொலியோடு திறந்து, மாலையில் 300 சேகண்டி ஒலியோடு மூடின. துறைமாடத்தில் பாலக் கதவுகள் சூரியன் சாய்ந்ததும் மூடப்படும். ஆனால் ஆற்றில் கட்டைகள் இரவிலும் வருமே? தடுப்புக்காரர்களுக்கு மட்டும் செம்பு வில்லை. அது கையிலிருந்தால் ஊரடங்கிலும் கரையில் நடமாடலாம். அந்த வில்லைக்கு என்ன கள்ளச்சந்தை விலை என்பதை எழுத்தாளர்களிடமே விட்டுவிட்டேன்.

மாகாணத் தலைவர்கள் ஏன் தலைநகரில் மாளிகை வைத்திருக்கிறார்கள் என்ற கேள்விக்கு ஜப்பானின் அன்றைய ஆட்சி மையமான எடோ (இன்றைய டோக்கியோ) பதில் தந்தது. 1635இல் முறைப்படுத்தப்பட்ட விதிப்படி பிரபுக்கள் மாறிமாறி எடோவில் தங்க வேண்டும்; ஊருக்குப் போகும்போது மனைவியும் வாரிசும் அங்கேயே இருக்க வேண்டும். பிணைக்கைதி என்ற சொல்லை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான். துறைமாடத்திலும் அப்படியே.

கோயில், கொடி, சமையல், சிகை இவற்றுக்கு நால்வரும் எழுதிவைத்திருந்த நாற்பது பக்கக் குறிப்பில் நான் கைவைக்கவில்லை. ஒரே ஒரு மாற்றம்: கட்டடப் பொருளை ரசனைக்கு விடாமல் கிடைப்பதற்கு விட்டேன். தாரகர் பேட்டை மரம், வண்டலர் பேட்டை செங்கல், உவரியர் பேட்டை கப்பலில் அடிப்பாரமாக வந்த வெளிநாட்டுக் கல். தோல் பதனிடும் தொட்டிகள் பாலத்துக்குக் கீழே, உவரியர் மூக்குக்கு நேரே. மேழகருக்குத் தோல் வேண்டும், நாற்றம் வேண்டாம்.

எதிர்ப்பு வந்தது. தாரகரை எழுதுபவருக்குத் தம் தேசத்தைப் பதினைந்தாயிரம் பேராகச் சுருக்கியது பிடிக்கவில்லை. தடுப்பை நான்கு நாள் மூடினால் நகரத்துக்கு 480 டன் தானியம் வராது என்று காட்டியதும் அவரே பன்னிரண்டாயிரம் போதும் என்றார். வேண்டாம் என்று நிறுத்தினேன். உவரியர் எழுத்தாளரின் கேள்வி இன்னும் கூர்மையானது: எப்போதும் இப்படி ஒருவரோடு ஒருவர் மோதிக்கொண்டிருந்தால், அரசனுக்கு எதிராக நால்வரும் சேரவே மாட்டார்களா? சேர்வார்கள். 532இல் கான்ஸ்டான்டினோபிளின் தேரோட்டப் போட்டி ஆதரவாளர்களான நீலரும் பச்சையரும் பரம விரோதிகள். இரு தரப்பிலிருந்தும் தூக்குக்கு அனுப்பப்பட்டவர்களில் சாகாமல் தப்பிய இருவருக்கு மன்னிப்புக் கேட்டு ஒன்றுசேர்ந்தார்கள். "நிக்கா" (வெல்க) என்று முழங்கிக்கொண்டு நகரத்தில் பாதியை எரித்தார்கள். பேரரசர் ஜஸ்டினியனின் படை சுமார் 30,000 பேரைக் கொன்ற பிறகுதான் அடங்கியது. துறைமாடத்தில் அந்தப் பொதுக் காரணம் எடைக்கல். பாலத்தாரிடமிருந்து கற்களைப் பிடுங்கி அரண்மனைக்குக் கொண்டுபோக எந்த அரசன் முயன்றாலும், அன்றிரவு நான்கு பேட்டைகளும் ஒரே பக்கத்தில் நிற்கும். இது நகர்க்குறிப்பில் விதியாகவே எழுதப்பட்டுவிட்டது.

முடியாமல் நிற்பது ஒன்று. பாலத்தடி நெரிசலைத் தாங்க முடியாத உவரியர், கழிமுகத்தின் எதிர்க்கரையில் தங்களுக்கென ஒரு புதுத்துறை கேட்டு அரசனுக்கு மனுக் கொடுக்கிறார்கள். நியாயமான மனு. இதற்கு முன்னால் இப்படி எதிர்க்கரையைக் கொடுத்தவர் கதி தெரியும். பேரரசர் எட்டாம் மிக்கேல் 1267இல் பொற்கொம்பின் எதிர்க்கரையான கலாட்டாவை ஜெனோவாக்காரர்களுக்குக் கொடுத்தார். அரண் எழுப்பக் கூடாது என்பது நிபந்தனை. அவர்கள் மதிலும் எழுப்பினார்கள், 1348இல் கோபுரமும் எழுப்பினார்கள். அந்தக் காலகட்டத்தில் கலாட்டாவின் சுங்க வருவாய் ஆண்டுக்கு 2,00,000 பொற்காசுகள். கான்ஸ்டான்டினோபிளுக்குக் கிடைத்தது 30,000 என்று அக்கால வரலாற்றாசிரியர் கிரெகோராஸ் பதிவுசெய்கிறார். வணிகத்தை இழுக்க அப்போதைய பேரரசர் ஆறாம் யோவான் வரியைக் குறைத்தார், கப்பல்கள் கட்டினார். ஜெனோவாக்காரர்கள் அந்தக் கப்பற்படையை அழித்தார்கள்.

துறைமாடத்தின் அரசன் மனுவில் முத்திரை இடுவானா என்பதில் நால்வருக்கும் ஒத்த கருத்து இல்லை. வண்டலர் எழுத்தாளர், புதுத்துறை வந்தால் இடைத்துறை செத்துவிடும், எந்த முட்டாள் அரசனும் இடமாட்டான் என்கிறார். மேழகரின் கடன் பத்திரங்கள் எல்லாம் யார் பெட்டகத்தில் இருக்கின்றன என்பதைப் பார்த்தால், ஒரு பருவத்துக்குமேல் அவனால் தள்ளிப்போட முடியாது என்பது என் கணிப்பு. அதனால் எதிர்க்கரையில் புதுத்துறைக்கான இடத்தை வரைபடத்தில் புள்ளிக்கோடாகப் போட்டுவைத்திருக்கிறேன்.